எந்த ஏற்பி?

எலியின் பின்னங்காலில், உள்ளங்கால் தோலுக்கு அடியில், ஒரு சதவீதக் கராஜீனன் கரைசல் 0.1 மில்லி. அழற்சி பற்றிய எங்கள் கட்டுரைகளில் ஏராளமானவை இந்த ஊசியில்தான் தொடங்குகின்றன. போட்ட ஒரு மணி நேரத்துக்குள் பாதம் சிவந்து வீங்கும். மூன்றாவது, நான்காவது மணியில் வீக்கம் உச்சத்துக்குப் போகும். கணுக்காலில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரைக்கும் பாதத்தை பிளெத்திஸ்மோமீட்டர் குழாய்க்குள் இறக்குவோம். நான் சேர்ந்த காலத்தில் குழாயில் பாதரசம் இருந்தது. பிறகு தண்ணீரும் டிஜிட்டல் மானியும் வந்தன. பாதம் இறங்க இறங்க மட்டம் ஏறும். முதலில் அளந்ததற்கும் இப்போது அளந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் வீக்கம். எலியைப் பிடிக்கிற கை பதறக் கூடாது. கோடு நூலளவு தப்பினாலும் எண் மாறிப்போகும். மருந்து வாங்கிய எலி எது, வாங்காத எலி எது என்பது அளக்கிறவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் கண் தன் விருப்பத்துக்கு எண்ணைப் படித்துவிடும்.

கராஜீனன் சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசைப்பொருள். எங்கள் சிவகங்கை மாவட்டத்துக்கு அடுத்த ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபம் பக்கம் பெண்கள் மூங்கில் மிதவை கட்டி கப்பாபைகஸ் என்ற பாசியை வளர்க்கிறார்கள். அது தருவது கப்பா வகைக் கராஜீனன். உணவுத் தொழிலில் கூழாக இறுக வைப்பதற்குப் பயன்படுகிறது. எலியின் பாதத்தை வீங்க வைக்கப் பெரும்பாலும் வாங்குவது லாம்டா வகை; அது வேறு பாசிகளிலிருந்து வருகிறது. இந்தச் சோதனையை 1962-இல் வெளியிட்டவர்கள் மெர்க் நிறுவன ஆய்வகத்தின் வின்டர், ரிஸ்லி, நஸ் என்ற மூவர். ஒன்பது ஆண்டு கழித்து டி ரோசா, ஜிரூ, வில்லோபி ஆகியோர் அந்த வீக்கத்தை மணிவாரியாகப் பிரித்துக் காட்டினார்கள். முதல் ஒன்றரை மணி நேரம் ஹிஸ்டமினும் செரட்டோனினும், இரண்டரை மணி வரை கைனின்கள், அதன்பின் புரோஸ்டாகிளாண்டின்கள். எந்த மணியில் வீக்கம் வற்றுகிறது என்று பார்த்தால், மருந்து எந்தப் பக்கம் வேலை செய்கிறது என்று ஒரு குறிப்புக் கிடைக்கும். குறிப்பு மட்டும்தான். அதையே முடிவாக எழுதிவிடுவது எங்கள் துறையைப் பிடித்த நோய்.

நான் பிள்ளையார்பட்டிக்காரன். பாறையைக் குடைந்த கோயிலுக்குள் கற்பக விநாயகர் வலப்பக்கம் துதிக்கை திருப்பி உட்கார்ந்திருக்கும் ஊர். சதுர்த்தி வந்தால் முக்குறுணி அரிசியில் கொழுக்கட்டை பிடித்துப் படைக்கும் ஊர். ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது, அங்கே என்னதான் செய்கிறாய் என்று ஆத்தா கேட்டார். சொன்னேன். "பிள்ளையார் வாகனத்துக்கா ஊசி போடுறே?" என்றார். குரலில் கோபம் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போட்டா அதுல ஒரு பிரயோசனம் இருக்கணும்ப்பா" என்றார். விலங்குச் சோதனைக்கு அனுமதி கேட்டு நெறிமுறைக் குழுவுக்குப் படிவம் எழுதும்போதெல்லாம் அந்தச் சொல்லை மனசில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் கீழ், 1998-இல் வந்த விதிகள் கேட்பதும் அதைத்தான். இந்த உயிர் படும் வலிக்கு ஈடாக என்ன தெரியப் போகிறது?

எங்கள் பேராசிரியர் கேட்டதும் வேறல்ல. சனிக்கிழமை தோறும் ஆய்வு மாணவர்கள் அந்த வார முடிவுகளைச் சொல்ல வேண்டும். வீக்கம் இத்தனை சதவீதம் குறைந்தது என்று யாராவது மலர்ந்த முகத்தோடு சொல்லி முடித்ததும், அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். "சரிப்பா, எந்த ஏற்பி?" என்பார். அதற்குப் பதில் இல்லையென்றால் அடுத்த சனிக்கிழமை வரை பேச்சு இல்லை.

ஏற்பி என்பது செல்லின் சவ்விலோ உள்ளேயோ இருக்கும் ஒரு புரதம். ஆய்வகத்தில் ரிசெப்டர் என்றுதான் சொல்வோம். உடம்பில் சுரக்கும் ஹிஸ்டமின் போன்ற பொருள் வந்து அதில் பொருந்தினால் செல் ஒரு வேலையைத் தொடங்கும். குடல் தசை சுருங்கும், நுண்குழாய்களிலிருந்து நீர் கசியும், தோல் தடிக்கும். மருந்துகளில் சில, அதே இடத்தில் பொருந்தி அதே வேலையைச் செய்ய வைக்கும். வேறு சில பொருந்தும், ஆனால் வேலை எதையும் தொடங்காது. பேருந்து இருக்கையில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது போல, மற்றது வந்து உட்கார விடாமல் செய்யும். அடைப்பான் என்று இவற்றைச் சொல்கிறோம். அலர்ஜி மாத்திரைகள் ஹிஸ்டமினின் எச்1 ஏற்பியை அடைப்பவை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அட்டினலால் பீட்டா ஏற்பியை அடைப்பது.

அடைப்பானை வைத்து ஏற்பியைக் கண்டுபிடிக்கும் வித்தையை நான் கற்றது கினிப்பன்றியின் குடலில். முதல் நாள் இரவு பட்டினி போட்ட விலங்கிலிருந்து சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டி எடுத்து, உள்ளே இருப்பதை டைரோடு கரைசலால் மெல்லக் கழுவி, இரு முனையிலும் நூல் கட்டி, 37 டிகிரியில் வைத்திருக்கும் கண்ணாடிக் குளியலுக்குள் தொங்கவிடுவோம். கீழே காற்றுக் குமிழ் வந்துகொண்டே இருக்கும். ஒரு நூல் அடியில் கட்டியிருக்கும். மற்றது மேலே ஒரு நெம்புகோலில். நெம்புகோலின் முனை புகைக்கரி படிந்த காகிதத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தக் காகிதத்தை உருளையில் சுற்றி, புகையும் சுடருக்கு மேல் திருப்பித் திருப்பிக் கரி ஏற்றுவது தனி வேலை. ஒரே சீராக ஏறவில்லையென்றால் கோடு திக்கும். குளியலில் ஹிஸ்டமின் ஒரு சொட்டு விட்டதும் குடல் சுருங்கும், முனை மேலே ஏறும், கரியில் ஒரு வெள்ளைக் கோடு விழும். முப்பது விநாடி. கழுவு. ஓய்வு கொடு. அடுத்த அளவு. இப்படி அளவு கூடக் கூடக் கோடுகள் படியாக உயர்ந்துகொண்டே போய் ஓர் உச்சத்தில் நிற்கும்.

இப்போது மெபிரமின் என்ற அடைப்பானைக் கொஞ்சம் விட்டுவிட்டு அதே வரிசையை மறுபடி செய்ய வேண்டும். முன்பு சுருங்கிய அளவுக்குக் குடல் சுருங்காது. ஹிஸ்டமினை இன்னும் கூட்டினால் பழைய உயரத்துக்கு வந்துவிடும். வரைபடத்தில் வளைகோடு அப்படியே வலப்பக்கம் நகர்ந்திருக்கும். சாய்வு மாறாது, உச்சம் குறையாது. இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன என்பதற்கு இதுதான் சாட்சி. எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து அடைப்பானின் பிடிமானத்தை ஓர் எண்ணாகச் சொல்லலாம். ஹைன்ஸ் ஷில்ட் 1947-இல் கொடுத்த முறை அது. 1959-இல் அருண்லட்சணாவோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் அதை முழுமையாக்கினார். கினிப்பன்றிக் குடலில் ஹிஸ்டமினுக்கு எதிராக மெபிரமினின் எண் 9-க்குச் சற்று மேல். அசிட்டைல்கோலினுக்கு எதிராக அதே மெபிரமினைப் போட்டால் 5-ஐக்கூடத் தொடாது. இது மடக்கை அளவு. அதாவது ஹிஸ்டமினின் இடத்தை அது பல்லாயிரம் மடங்கு கூர்மையாக அடையாளம் காண்கிறது. எண்ணை வைத்து ஏற்பியின் பெயரைச் சொல்ல முடியும் என்று முதன்முதலாகப் புரிந்த அன்றைக்கு எனக்கு உறக்கம் வரவில்லை. பதிவு முடிந்ததும் காகிதத்தை அறுத்து, ஊசி முனையால் தேதியும் அளவும் கீறி, அரக்கு வார்னிஷில் முக்கிக் கொடியில் காயப் போடுவோம். இன்றைய மாணவர்கள் இதைக் கணினித் திரையில் செய்கிறார்கள். புதுவை ஜிப்மரில் பேராசிரியர் ரவீந்திரன் உருவாக்கிய எக்ஸ்ஃபார்ம் என்ற மென்பொருள் அதற்கு வழி செய்தது. கற்பிப்பதற்கென்று ஒரு விலங்கும் சாக வேண்டியதில்லை என்ற நிலை வந்தது நல்லது. முழு மனசோடு வரவேற்றேன்.

ஏற்பி என்ற எண்ணத்தின் பிறப்பே மிகவும் தயங்கித் தயங்கி நடந்தது. கேம்பிரிட்ஜில் லாங்லி 1905-இல், நிகோட்டினும் குராரேவும் தசையில் ஒரே இடத்துக்காக மோதிக்கொள்வதைப் பார்த்து, மருந்தை ஏற்கும் ஏதோ ஒரு பொருள் அங்கே இருக்கிறது என்று எழுதினார். கண்ணால் யாரும் பார்த்ததில்லை. 1948-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ரேமண்ட் ஆல்குவிஸ்ட், அட்ரினலினுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை ஏற்பிகள் இருக்கின்றன என்று எழுதி அனுப்பினார். மருந்தியலின் முதன்மை இதழ் அதை ஏற்க மறுத்தது. உடலியங்கியல் இதழ் ஒன்றில் அச்சான பிறகும் பத்தாண்டு வரை அதைச் சீந்துவார் இல்லை. ஜேம்ஸ் பிளாக் அந்தக் கட்டுரையைப் பிடித்துக்கொண்டு பீட்டா ஏற்பிக்கு அடைப்பான் தேடினார். 1964-இல் புரோப்ரனலால் வந்தது. அதே யோசனையை ஹிஸ்டமினுக்குத் திருப்பி, 1972-இல் எச்2 ஏற்பியை நிறுவினார். வயிற்றுப்புண்ணுக்கு சிமெட்டிடின் அங்கிருந்து பிறந்தது. 1988-இல் நோபல். ஒருவரின் வெளியீட்டுப் பட்டியலைக் கையில் வாங்கும்போது நான் நினைத்துக்கொள்வது ஆல்குவிஸ்டின் அந்த ஒற்றைக் கட்டுரையை.

அழற்சியில் அதற்கு நிகராக நான் வைப்பது ஜான் வேன் 1971-இல் எழுதிய கட்டுரை. ஆஸ்பிரின் 1899-இலிருந்து விற்பனையில் இருந்தது. காய்ச்சல், வலி, வீக்கம் மூன்றையும் குறைக்கிறது என்பது ஊரறிந்த சேதி. ஏன் குறைக்கிறது என்பது எழுபது ஆண்டுகளாக யாருக்கும் தெரியாது. வேன், கினிப்பன்றியின் நுரையீரலை அரைத்த சாற்றில் ஆஸ்பிரினையும் இன்டோமெத்தசினையும் சேர்த்து, புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தி அளவுக்கேற்பக் குறைவதைக் காட்டினார். எவ்வளவு உற்பத்தியானது என்று அவர் அளந்தது உயிருள்ள தசைத் துண்டுகளின் சுருக்கத்தை வைத்து. நாங்கள் கரிக்காகிதத்தில் செய்த வேலையின் பெரியண்ணன் அது. ஆஸ்பிரின் போய்ச் சேரும் இலக்கு ஏற்பி அல்ல, சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதி. கேள்வி என்னவோ அதே கேள்விதான். ஒரு மருந்துக்கு மட்டுமல்ல, அந்தக் குடும்பம் முழுவதற்கும் விடை கிடைத்துவிட்டது. வலி ஏன் குறைகிறது என்பதோடு வயிறு ஏன் புண்ணாகிறது என்பதும் அதே விடையில் இருந்தது. இரைப்பையின் சுவரைக் காப்பதும் புரோஸ்டாகிளாண்டின்தான்.

இனி எங்கள் ஊர்ப்பக்கத்து நிலைமையைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010 விதிமுறைகள் ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குக் கட்டுரை ஒன்றுக்கு இத்தனை மதிப்பெண் என்று வைத்த பிறகு, எழுதாதவரெல்லாம் எழுத வேண்டியதாயிற்று. இலைதான் கைக்கெட்டிய பொருள். நொச்சி, முடக்கத்தான், தழுதாழை, வாதநாராயணன், எது கிடைத்தாலும் காயப்போட்டு, எத்தனாலில் ஊறவைத்து, எலியின் பாதத்தில் பார்ப்பது. இன்டோமெத்தசினோடு ஒப்பிட்டு, "குறிப்பிடத்தக்க அழற்சி எதிர்ப்பு" என்று எழுதுவது. கட்டுரை முடிந்தது. எத்தனாலில் கரைந்த நூறு பொருளில் எது வேலை செய்தது? எந்த ஏற்பியில்? அடைப்பானைப் போட்டால் அந்த வேலை நிற்கிறதா? வலி குறைந்தது என்றால், ஓபியாய்டு ஏற்பியை அடைக்கும் நலாக்சோனைக் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். வலிக்குறைப்பு மறைந்துவிட்டால் ஓபியாய்டு ஏற்பி இதில் இருக்கிறது. மறையவில்லையென்றால் வேறு வழியில் தேடு. கூடுதலாக ஒரு குழு எலிகளும் ஒரு புட்டி மருந்தும் வேண்டும், அவ்வளவே. அதைச் செய்யாமல் நூறாவது இலைக்கு அதே பாத வீக்கத்தை மறுபடி அளப்பது, அந்த எலிகளின் வலியை வீணடிப்பது. இதை நான் கடுமையாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் மட்டும் என்றில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அரசு நிதியில் நடந்த விலங்கு ஆய்வுகளைப் பற்றிய 271 கட்டுரைகளை எடுத்து 2009-இல் ஒரு குழு அலசியது. விலங்குகளைக் குலுக்கல் முறையில் பிரித்ததாக 87 சதவீதக் கட்டுரைகளில் பேச்சே இல்லை. அளந்தவருக்கு எது எந்தக் குழு என்று மறைத்ததாக 86 சதவீதத்தில் இல்லை. அடுத்த ஆண்டு வந்த அரைவ் வழிகாட்டி இவற்றையெல்லாம் கட்டாயம் எழுதச் சொல்கிறது. இந்தியாவில் மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை ஒரே மூச்சில் நீக்கியது. ஒரு தேர்வுக் குழுவின் முன் நான் உட்கார்ந்திருந்தபோது, என் கட்டுரைகளின் தலைப்பைக்கூட யாரும் படிக்கவில்லை. வரிசை எண்ணை மட்டும் பென்சிலால் தொட்டுக்கொண்டே போனார்கள். எண்ணிக்கை போதவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அடைப்பான் சோதனைகள் முடியாமல் ஒரு கட்டுரையையும் என் மாணவர்கள் அனுப்ப நான் விட்டதில்லை. பட்டியல் குட்டையாக இருந்ததற்குக் காரணம் அதுதான். அந்த முடிவு சரியானதே என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

ஓய்வு பெற்று ஊரோடு வந்த பிறகு, பக்கத்து வீட்டு ஆச்சி ஒருநாள் மாத்திரைப் புட்டியோடு வந்தார். "தம்பி, பேரன் சிங்கப்பூர்லேர்ந்து குடுத்துவிட்டிருக்கான். மஞ்சள் மாத்திரையாம். மூட்டு வலிக்கு இதவிட மருந்தே இல்லையாம்ல? ஆயிரக்கணக்குல ஆராய்ச்சி பண்ணியிருக்காகளாம். நீ படிச்சவன், சொல்லு, சாப்புடட்டுமா?"

ஆராய்ச்சி ஆயிரக்கணக்கில் இருப்பது உண்மை. அந்த வரிசையில் பெயர் சொல்ல வேண்டிய கட்டுரை லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஸ்ரீமலும் தாவனும் 1973-இல் எழுதியது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினைத் தனியாகப் பிரித்து, ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்தாக அதை முறையாகச் சோதித்தார்கள். நேர்மையான, அளவோடு பேசும் கட்டுரை. பின்னால் வந்த வெள்ளம் அப்படி இல்லை. குர்குமின் போய் ஒட்டாத புரதமே இல்லை என்கிற அளவுக்குக் கட்டுரைகள் குவிந்தன. ஒரு பொருள் எல்லா ஏற்பியிலும் வேலை செய்கிறது என்றால் எங்கள் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். 2017-இல் நெல்சனும் உடன் ஆய்வாளர்களும் மருந்து வேதியியல் இதழ் ஒன்றில் அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். குர்குமின் தானே ஒளிரும், புரதங்களோடு கண்டபடி வினைபுரியும், உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும், கரைசலில் நிலைக்காமல் சிதையும். சோதனைக் குழாயில் மருந்துபோலத் தோற்றம் காட்டுவதற்கு இவையே போதும். வாய்வழி சாப்பிட்டால் ரத்தத்தில் சேர்வதோ மிகச் சொற்பம். நூற்றிருபதுக்கு மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், போலி மாத்திரையோடு இருதரப்பும் அறியாமல் ஒப்பிட்ட ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்று அவர்கள் எழுதினார்கள். அமெரிக்காவில் இந்தத் துறையில் பெரிய பெயர் எடுத்த ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் பல, படங்களில் கோளாறு தெரிந்து திரும்பப் பெறப்பட்டன.

புட்டியின் பின்பக்கத்தைப் படித்தேன். மிளகிலிருந்து எடுத்த பைப்பரினும் சேர்த்திருந்தார்கள். அதற்கும் ஒரு கட்டுரை உண்டு. பெங்களூரில் 1998-இல் நடந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் அளவு இருபது மடங்கு கூடியது. காரணம், பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் ஈரலின் நொதிகளைப் பைப்பரின் தடுக்கிறது. தடுத்தால் குர்குமின் மட்டும் தங்காது. சாப்பிடும் மற்ற மாத்திரைகளும் தங்கும். புரோப்ரனலால், வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டாயின் ஆகியவற்றின் ரத்த அளவு பைப்பரினால் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவாகியிருக்கிறார்கள். ஆச்சி ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறவர். "கொழம்புல போடுற மஞ்சளும் மொளகும் எப்பவும்போல இருக்கட்டும் ஆச்சி. இத டாக்டரக் கேக்காம தொடாதீக" என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சமையலறையில் ஏற்பியோடு நேராகப் பேசும் பொருள் மஞ்சள் அல்ல, மிளகாய். ராமநாதபுரம் முண்டு மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் எந்தக் கதவின் வழியாக நரம்பை எரிக்கிறது என்று டேவிட் ஜூலியஸ் குழு 1997-இல் கண்டுபிடித்தது. டிஆர்பிவி1 என்ற அந்த ஏற்பி சுமார் 43 டிகிரி வெப்பத்துக்கும் அதேபோல் திறக்கிறது. காரம் சூடாகத் தோன்றுவது அதனால்தான். பறவைகளின் அதே ஏற்பியில் கேப்சைசின் பொருந்துவதில்லை. கிளி பழுத்த மிளகாயைக் கலங்காமல் தின்பதன் காரணம் அது. 2021-இல் ஜூலியஸுக்கு நோபல் கிடைத்தது. ஏற்பி கிடைத்ததும் வலி மருந்து வந்துவிடும் என்று நிறுவனங்கள் ஓடின. அடைப்பானைக் கொடுத்துப் பார்த்தால் நோயாளிக்குக் காய்ச்சல் ஏறியது. உடம்பு வெப்பத்தைக் கட்டிக்காப்பதிலும் அந்த ஏற்பிக்குப் பங்கு இருந்ததை அந்தத் தோல்விதான் சொல்லிக்கொடுத்தது. அது தோல்வி என்று எழுதி வெளியிட்டார்களே, அது எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது.

செங்காந்தளின் கதையும் அப்படித்தான். நம் மாநில மலர். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்று பயிர் செய்து, பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்த்து, விதையை மருந்து நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். அதிலிருந்து வரும் கோல்ச்சிசின், கவுட் வாத வீக்கத்துக்கு நெடுநாளைய மருந்து. அளவு தப்பினால் உயிரைக் குடிக்கும் விஷம். சிகாகோவில் போரிசியும் டெய்லரும் கதிரியக்க அடையாளம் இட்ட கோல்ச்சிசினைச் செல்லுக்குள் விட்டு, அது எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்று 1967-இல் தேடினார்கள். பிடிபட்டது டியூபுலின். செல்லின் உள்கட்டமைப்புக்கே அடிப்படையான புரதம் ஒன்று, எந்த இலக்கு என்ற கேள்வியால் வெளிச்சத்துக்கு வந்தது. 2019-இல் 4,745 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த சோதனையில், சிறிய அளவு கோல்ச்சிசின் இதயப் பாதிப்புகளைக் குறைத்தது. 2023-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 2024-இல் 7,062 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில் பயன் எதுவும் தெரியவில்லை. இரண்டும் முதல்தர இதழில் அச்சாகியிருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கக் கற்றுக்கொள் என்பேன் மாணவர்களிடம்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ரோஃபிகாக்சிப் இருக்கிறது. வயிற்றைப் புண்ணாக்காத வலி மருந்து என்று 1999-இல் வந்தது. 2000-இல் வெளியான பெரிய ஆய்விலேயே மாரடைப்புகள் கூடுதலாகத் தெரிந்தன; அதிலும் மூன்று மாரடைப்புகள் விடுபட்டிருந்தன என்று அதே இதழ் 2005-இல் கவலை தெரிவித்துக் குறிப்பு எழுதியது. மருந்து 2004 செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆண்டு இறுதியில் இந்தியாவும் தடை செய்தது. எதிர்ப்பக்கத்தில், கழுகுகளைப் பற்றிய ஒரு கட்டுரை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், இறந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது என்று ஓக்ஸ் குழு பாகிஸ்தானில் செய்த ஆய்வு 2004-இல் வெளியானது. இரண்டே ஆண்டில், கால்நடைக்கு அந்த மருந்து கூடாது என்று இந்தியா தடை போட்டது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் கழுகுகளுக்கு அந்தக் கட்டுரை எவ்வளவு பெரிய உதவி!

இதில் வாசகர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மாதவிடாய் வலிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் கேட்டு வாங்கும் மெஃபனமிக் அமிலம் பற்றி, 2023 நவம்பர் கடைசியில் இந்திய மருந்துத் தொகுப்பு ஆணையம் ஓர் எச்சரிக்கை விட்டது. அபூர்வமாகச் சிலருக்குத் தோல் தடிப்பு, காய்ச்சல், உள்ளுறுப்புப் பாதிப்பு என்று கடுமையான ஒவ்வாமை வருகிறது என்பதே அதன் சாரம். அது தெரிய வந்தது, நாட்டின் பல இடங்களிலிருந்து வந்து சேர்ந்த பக்கவிளைவுப் புகார்களை அலசியதால். எங்கள் சோதனைச்சாலையில் சில டஜன் எலிகளில் ஒருபோதும் தெரியாதது, லட்சம் பேர் சாப்பிடும்போதுதான் தெரியும். அந்தப் புகாரை மருத்துவர்தான் எழுத வேண்டும் என்பதில்லை. சாப்பிட்டவரே எழுதலாம், தமிழிலும் படிவம் உண்டு. மூட்டு வலிக்கோ முதுகு வலிக்கோ மாத்திரை சாப்பிட்டு உடம்பில் தடிப்பு, முக வீக்கம், கறுத்த மலம், சிறுநீர் குறைவு என்று எது கண்டாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை அட்டையைத் தூக்கி எறியாமல் எடுத்துப் போங்கள். பிறகு மறக்காமல் புகாரைப் பதிவு செய்யுங்கள். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024.